பிளஸ் ஒன், பிளஸ் டூவில் சமூகவியல்: சிபிஎஸ்இ மாணவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

"நாட்டில் பெண் குழந்தைகளின் விகிதம் ஏன் குறைகிறது?" ஆறு மதிப்பெண் கேள்வி. மாலையில் என்னிடம் படிக்க வரும் ஒரு பெண் தன் ப்ரீ-போர்டு விடைத்தாளை நீட்டினாள். ஒன்றரைப் பக்கம், முத்து முத்தான கையெழுத்து. படிப்பறிவு இல்லை, விழிப்புணர்வு இல்லை, வறுமை, மூடநம்பிக்கை, அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும். ஓரத்தில் சிவப்பு மையில் 2.

"எல்லாம் சரியாத்தானே மிஸ் எழுதியிருக்கேன்?"

சரியில்லை. பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டாலும் இதே பதில்தான் வரும். பாடப்புத்தகம் அந்தப் பதிலைத்தான் உடைக்கிறது. ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 945 பெண் குழந்தைகள் இருந்தார்கள், 2001இல் 927, 2011இல் இன்னும் குறைவு. அதிகம் சரிந்தது எங்கே? பஞ்சாப், ஹரியானா, டெல்லி போன்ற வசதியான பகுதிகளில். வறுமைதான் காரணம் என்றால் அங்கே ஏன் சரிய வேண்டும்? ஸ்கேன் எடுக்கக் காசு வேண்டும். ஒன்றிரண்டு பிள்ளை போதும் என்று நினைக்கும் குடும்பத்தில், அதில் ஒன்று ஆணாக இருந்தாக வேண்டும் என்ற பிடிவாதம் கூடுகிறது. 1994இல் வந்த பாலினத் தேர்வுத் தடைச் சட்டம், சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் என்று எடுத்துக்காட்டுக்கும் பஞ்சமில்லை. இவற்றில் எதுவுமே அவள் தாளில் இல்லை.

இயற்பியலில் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வோம். சமூகவியலில் குடும்பம், சாதி, கல்யாணம், வேலை என்று எல்லாமே நம் வீட்டுச் சமாச்சாரம். அதனால் படிக்காமலே தெரிந்துவிட்டதாகத் தோன்றும். இந்தப் பாடத்தில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இதற்கான வைத்தியம்தான்.

படி 1: எடுக்கலாமா?

தமிழ்நாட்டில் சமூகவியலைப் பள்ளியிலேயே தனிப் பாடமாகப் படிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் சிபிஎஸ்இ பள்ளிதான் வழி. அங்கும் எல்லாப் பள்ளியிலும் கிடைக்காது. ஹ்யூமானிட்டீஸ் குரூப் இருக்கிறதா, அதில் இந்தப் பாடத்துக்குத் தனி ஆசிரியர் இருக்கிறாரா, இல்லை வரலாற்று ஆசிரியரே சேர்த்து நடத்துகிறாரா என்று சேரும் முன் கேளுங்கள். பாடக் குறியீடு 039. எழுத்துத் தேர்வுக்கு 80, ப்ராஜெக்டுக்கு 20.

இரண்டு வதந்திகள் உங்கள் காதுக்கு வரும். ஒன்று, "மனப்பாடம் பண்ணினால் போதும்." இன்னொன்று, "கதை விட்டால் மார்க் வரும்." இரண்டையும் நம்பிக் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் படித்ததும் கண் சொருகுகிறது என்றால் முதல் மூன்று மாதம் சிரமப்படுவீர்கள். ஆனால் அது பழகிவிடும். பழகாத ஒரு ஜாதியும் உண்டு: எதைச் சொன்னாலும் "அதெல்லாம் அந்தக் காலம், இப்போ யாரு மிஸ் பார்க்கிறாங்க" என்று மூடிவிடுகிறவர்கள். அவர்கள் வணிகவியல் எடுப்பது நல்லது.

படி 2: சரியான புத்தகம், இந்த ஆண்டுப் பாடத்திட்டம்

மொத்தம் நான்கு என்சிஇஆர்டி புத்தகங்கள். பதினொன்றில் 'இன்ட்ரொடியூசிங் சோஷியாலஜி', 'அண்டர்ஸ்டாண்டிங் சொசைட்டி'. பன்னிரண்டில் 'இந்தியன் சொசைட்டி', 'சோஷியல் சேஞ்ச் அண்ட் டெவலப்மென்ட் இன் இந்தியா'. கைடு வாங்கும் காசை வைத்திருங்கள், பழைய கேள்வித்தாள் நகல் எடுக்க உதவும்.

அக்கா, அண்ணன் படித்த பழைய புத்தகத்தில் மட்டும் கவனம். 2022இல் என்சிஇஆர்டி பாடங்களைக் குறைத்தபோது பல பகுதிகள் போய்விட்டன. புத்தகத்தில் இருந்தும் தேர்வுக்கு வராத பகுதிகளும் உண்டு. சிபிஎஸ்இயின் அகடமிக் இணையதளத்தில் ஒவ்வோர் ஆண்டும் பாடத்திட்ட பிடிஎஃப் வெளியாகும். அதை எடுத்து, புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தில் பென்சிலால் டிக் அடித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் வராத பாடத்தை ஒரு வாரம் உருப்போட்ட பையன் ஒருவன் எனக்குத் தெரியும்.

பதினொன்றாம் வகுப்புப் பாடம்தானே என்று இரண்டு அத்தியாயங்களை அலட்சியம் செய்துவிடாதீர்கள்: முதல் புத்தகத்தில் வரும் கலைச்சொல் பாடமும் ஆய்வு முறைகள் பாடமும். பன்னிரண்டாம் வகுப்புத் தாளில் அவற்றிலிருந்து நேராகக் கேள்வி வராது. ஆனால் தகுதிநிலை, பங்கு, சமூகக் கட்டுப்பாடு, அடுக்கமைவு ஆகிய சொற்கள் பன்னிரண்டாம் வகுப்பில் விளக்கமில்லாமலே வந்து விழும். அப்போது முழிக்கக் கூடாது.

படி 3: சொல் நோட்டு

ஒரு நோட்டு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கருத்துக்கு ஒரு பக்கம். பக்கத்தில் ஐந்தே சங்கதிகள்: பொருள், சொன்னவர், அது நடக்கத் தேவையான நிலைமைகள், புத்தகத்தில் உள்ள எடுத்துக்காட்டு, நீங்கள் கண்ணால் பார்த்த எடுத்துக்காட்டு. இடம் மிஞ்சினால் அதற்கு எதிரான வாதம்.

'டாமினன்ட் காஸ்ட்', அதாவது ஆதிக்கச் சாதி என்ற பக்கத்தை எடுத்துக்கொள்வோம். சொன்னவர் இந்தியச் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ். முதலில் தோன்றும் பொருள் "உயர்ந்த சாதி". தவறு. ஒரு வட்டாரத்தில் எண்ணிக்கையில் பெரிதாக இருந்து, சுதந்திரத்துக்குப் பின் வந்த அரைகுறை நிலச் சீர்திருத்தத்தால் நில உரிமையும் பெற்ற சாதிதான் அது. ஜமீன்தாரும் தூரத்து நிலக்காரரும் விலகிய இடத்தில், உழுவித்துக்கொண்டிருந்த இடைநிலைச் சாதிகள் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். நிலம் வந்ததும் பணபலம் வந்தது. எல்லோருக்கும் ஓட்டு என்று ஆனதும் எண்ணிக்கையே அரசியல் பலமானது. புத்தகம் தரும் பட்டியல்: பீகார், உத்தரப் பிரதேசத்தில் யாதவர், கர்நாடகத்தில் ஒக்கலிகர், ஆந்திரத்தில் ரெட்டி, கம்மா, மகாராஷ்டிரத்தில் மராத்தா, ஹரியானாப் பக்கம் ஜாட், குஜராத்தில் பட்டிதார்.

ஐந்தாவது வரியை நீங்கள் நிரப்ப வேண்டும். உங்கள் தாத்தா ஊரில் ஊராட்சித் தலைவர், ரைஸ் மில் முதலாளி, கோயில் தர்மகர்த்தா, பம்ப்செட் கிணறு யார் யாருடையது என்று ஒரு விடுமுறையில் கேட்டுப் பாருங்கள். அந்த வரி தானாக வரும். விடைத்தாளில் அதை அப்படியே எழுத வேண்டியதில்லை. ஆனால் அது தெரிந்தவருக்கு "எண்ணிக்கை, நிலம், அரசியல்" என்ற மூன்றும் தேர்வு அறையில் மறக்காது.

இன்னொன்று. நோட்டைத் தமிழிலேயே எழுதலாமா என்று கேட்பார்கள். தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள், அதனால் வரையறையும் கலைச்சொல்லும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். எடுத்துக்காட்டையும் உங்கள் சந்தேகத்தையும் தமிழில் எழுதுங்கள். வீட்டில் நடப்பதை ஆங்கிலத்தில் யோசிக்க முயன்றால் அது ஏதோ ஊர்பேர் தெரியாத குடும்பத்தின் கதையாகிவிடும்.

படி 4: பெட்டிச் செய்தியும் அட்டவணையும்

என்சிஇஆர்டி புத்தகத்தில் வண்ணப் பெட்டிகள் வரும். மாணவர்கள் அதைத் தாண்டிப் போவார்கள். கேள்வி எடுப்பவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். அசாம் தேயிலைத் தோட்டத்துக்குத் தொழிலாளர்களைப் பிடித்துப்போக 1863இல் சட்டம் போட்டது, பம்பாய் நூற்பாலைகளில் 1982இல் டத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தது, இதெல்லாம் அப்படிப்பட்ட சமாச்சாரங்கள். பீடித் தொழிலைப் பற்றிய பகுதியைப் படிக்கும்போது தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் ஒரு போன் போடுங்கள். முறத்தில் இலையும் தூளுமாக வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றும் பெண்ணுக்கும் கம்பெனிக்கும் நடுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். வீட்டிலிருந்து செய்யும் வேலை, அமைப்புசாராத் துறை என்ற இரண்டு பாடமும் அதில் அடங்கிவிடும்.

மக்கள்தொகைப் பாடம்தான் பலருக்குக் கசப்பு. எண் வந்தாலே ஓடுகிறவர்கள்தானே இந்த குரூப்புக்கு வருகிறோம்! ஆனால் அதில் இருக்கும் கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஒரு ஊரில் 12,000 பேர், ஓர் ஆண்டில் 216 குழந்தைகள் பிறக்கின்றன. 216ஐ 12,000ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 18. பிறப்பு விகிதம் அவ்வளவுதான். சார்பு விகிதமும், அதாவது உழைக்கும் வயதினரை மற்றவர்கள் எத்தனை பேர் சார்ந்திருக்கிறார்கள் என்பதும், அப்படியே. நூறு பேரில் 15 வயதுக்குக் கீழே 30 பேர், 64க்கு மேலே 10 பேர், நடுவில் உழைக்கும் வயதில் 60 பேர். நாற்பதை அறுபதால் வகுத்தால் ஏறக்குறைய 67 சதவீதம்.

இந்தக் கணக்கைப் போட்டவருக்கு 'டெமோகிராஃபிக் டிவிடெண்ட்' புரியும். பிறப்பு குறையும்போது முதலில் அந்த 30 சுருங்கும். உழைக்கிறவர் கூடுவார், உட்கார்ந்து சாப்பிடுகிறவர் குறைவார். அந்த லாபம் சில பத்தாண்டுகளுக்குத்தான். அப்புறம் இன்னொரு பக்கத்து 10 வளரத் தொடங்கும். தமிழ்நாடும் கேரளமும் வட மாநிலங்களுக்கு முன்பே இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டன. உங்கள் தெருவில் பிள்ளைகள் வெளியூரில் இருக்க, முதியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளை எண்ணிப் பாருங்கள்.

அட்டவணையில் 1911-21 வரிசையை விரல் வைத்துத் தேடுங்கள். இந்திய மக்கள்தொகை வளராமல் சற்றே குறைந்த ஒரே பத்தாண்டு அது. காரணம் 1918-19இல் பரவிய இன்ஃப்ளுயன்சா. ஒரு மதிப்பெண் கேள்விக்குத் தோதான இடம். புத்தகத்தில் ஏன் இன்னும் 2011 எண்களே இருக்கின்றன என்று கேட்டால், 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாக அறிவித்திருக்கிறார்கள். அது முடிந்து முடிவுகள் வரும்வரை 2011தான் நமக்குத் துணை.

படி 5: அறிஞர்களைப் பயப்படாமல் படிப்பது

மார்க்ஸ், துர்க்ஹைம், வெபர். பதினொன்றாம் வகுப்பில் இந்த மூவரும் ஒரே அத்தியாயத்தில் வருவார்கள். ஆளுக்கு மூன்று நாள் கொடுங்கள், ஒரே நாளில் மூவரையும் படித்தால் ஒருவர் சொன்னது இன்னொருவர் வாயில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எல்லோரும் தடுமாறும் இடம் துர்க்ஹைமின் இரண்டு ஒருமைப்பாடுகள். 'மெக்கானிக்கல்' என்றதும் இயந்திரம், நகரம் என்று எழுதிவிடுகிறார்கள். 'ஆர்கானிக்' என்றதும் இயற்கை, கிராமம். நேர் தலைகீழ். எல்லோரும் ஒரே மாதிரி வேலை, ஒரே நம்பிக்கை என்று இருப்பதால் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு சமூகம் மெக்கானிக்கல். ஆளுக்கொரு வேலை செய்வதால் ஒருவரில்லாமல் ஒருவர் நகர முடியாத பெரிய சமூகம் ஆர்கானிக். உடம்பின் உறுப்புகள்போல என்பதால் அந்தப் பெயர். விடியற்காலை நான்கு மணிக்குக் கோயம்பேடு மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். லாரி ஓட்டி வந்தவர் ஒசூர்ப் பக்கம், மூட்டை தூக்குகிறவர் வேறு ஊர், மண்டிக்காரர் இன்னொரு ஊர், டீக்கடைக்காரர் கேரளம். ஒருவர் பெயர்கூட இன்னொருவருக்குத் தெரியாது. ஆனால் லோடு இறக்குகிறவர்கள் ஒரு நாள் வராவிட்டால் நம் வீட்டுச் சாம்பாரில் கத்திரிக்காய் இருக்காது.

வெபர் சொல்லும் 'பியூரோகிரசி', அதாவது அலுவலக நிர்வாக அமைப்புக்கு எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டாம். தாலுகா அலுவலகத்தில் சாதிச் சான்றிதழுக்கு மனு கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும். படிநிலை, எழுத்து வழி நடைமுறை, பதவி வேறு ஆள் வேறு என்ற பிரிப்பு எல்லாம் கண்ணெதிரே ஃபைலில் நகரும், அல்லது நகராமல் இருக்கும்.

இந்திய அறிஞர்கள் அத்தியாயம் இதைவிடச் சுவையானது. கொச்சி சமஸ்தானத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்த அனந்தகிருஷ்ண ஐயரிடம் 1902இல் திவான் மக்களைப் பற்றிய ஆய்வு வேலையைக் கொடுக்க, அவர் ஆசிரியர் வேலையையும் பார்த்துக்கொண்டே மானுடவியலாளர் ஆனார். கூர்யே, டி.பி. முகர்ஜி, ஏ.ஆர். தேசாய், சீனிவாஸ் ஆகியோரை ஒரு கேள்வியோடு படியுங்கள்: இவர் எதோடு சண்டை போடுகிறார்? கூர்யே சாதியின் ஆறு இயல்புகளை வரிசைப்படுத்தினார். தேசாய் மார்க்சியப் பார்வையில் நலன்புரி அரசைத் துருவினார். சண்டை தெரிந்தால் பெயர் மறக்காது.

படி 6: விடை எழுதுவது

அண்மை ஆண்டுகளில் பன்னிரண்டாம் வகுப்புத் தாளில் 38 கேள்விகள். ஒரு மதிப்பெண்ணில் 20, இரண்டில் 9, நான்கில் 6, ஆறில் 3. இரண்டு மதிப்பெண் விடைக்கு 30 சொல், நான்குக்கு 80, ஆறுக்கு 200 என்பது அளவு. ஆறு மதிப்பெண்ணில் ஒன்று, படமோ அட்டவணையோ பத்தியோ தந்து அதை வைத்து எழுதச் சொல்வதாக இருக்கும். அதில் தரப்பட்டதைத் தொடாமல் மனப்பாடத்தைக் கொட்டினால் மதிப்பெண் கிடைக்காது.

ஒரு கேள்வியை அருகில் வைத்துப் பார்ப்போம். "சமஸ்கிருதமயமாதல் என்ற கருத்து மீதான விமர்சனங்களை விளக்குக." நான்கு மதிப்பெண்.

வழக்கமாக வரும் விடை: "சமஸ்கிருதமயமாதல் என்பது தாழ்ந்த சாதியினர் உயர்ந்த சாதியினரைப் பின்பற்றுவது. இதை எம்.என். சீனிவாஸ் கூறினார். அவர் மைசூரில் பிறந்தார். இது இந்தியச் சமூகத்தில் முக்கியமானது. ஆனால் சிலர் இதை ஏற்கவில்லை. சாதி தவறானது. எல்லோரும் சமம்." இதில் கேட்ட விஷயம் ஒரே ஒரு வாக்கியம். கடைசி இரண்டு வாக்கியங்களோடு எனக்கு முழு உடன்பாடு, ஆனால் மதிப்பெண் போட முடியாது.

எழுத வேண்டியது: "சடங்கு, உணவு, வாழ்க்கைமுறையில் மேல்சாதியைப் பின்பற்றிக் கீழ்நிலைக் குழு உயர முயல்வதையே சீனிவாஸ் இவ்வாறு அழைத்தார். முதலாவதாக, இது உயர்வுக்கான வாய்ப்பை மிகைப்படுத்துகிறது. சிலருடைய இடம்தான் மாறுகிறது, அடுக்கு அப்படியே இருக்கிறது. இரண்டாவது, மேல்சாதி வழக்கமே உயர்ந்தது என்று ஏற்றுக்கொள்கிறது. மூன்றாவது, விலக்கி வைப்பதையும் ஏற்றத்தாழ்வையும் நியாயப்படுத்துகிறது. நான்காவது, மேல்சாதிச் சடங்குகளோடு வரதட்சணையும் பெண்களை வீட்டுக்குள் அடைப்பதும் சேர்ந்து வருகின்றன, தலித் பண்பாட்டின் மதிப்பும் குறைகிறது."

நான்கு மதிப்பெண், நான்கு புள்ளி. சீனிவாஸ் கூர்க் மக்களைப் பற்றிய 1952 நூலில் இந்தச் சொல்லை முன்வைத்தார் என்று ஒரு துண்டு சேர்த்தால் இன்னும் நன்று, பிறந்த ஊர் தேவையில்லை.

ஆறு மதிப்பெண் கேள்வியில் "விவாதிக்க" என்று வந்தால் இரண்டு பக்கமும் வேண்டும். பசுமைப் புரட்சி என்றால் விளைச்சல் கூடியது ஒரு பக்கம். நீர்ப்பாசனமும் முதலும் இருந்தவர்களுக்கே பலன் போனது, குத்தகைக்காரர் வெளியேற்றப்பட்டது, வட்டாரங்களுக்கிடையே இடைவெளி கூடியது மறு பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு எடுத்துக்காட்டு. இருநூறு சொல் நிறைந்துவிடும்.

விடை எழுதிப் பழகும்போது கடிகாரம் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு மதிப்பெண் பகுதிக்கு 20 நிமிடம், இரண்டுக்கு 30, நான்குக்கு 50, ஆறுக்கு 50. மொத்தம் 150. மிச்சம் அரைமணி நேரம் யோசிக்கவும் திருத்தவும். தொடக்கத்தில் தரும் 15 நிமிட வாசிப்பு நேரத்தில் மூன்று ஆறு மதிப்பெண் கேள்விகளையும் முதலில் படித்து, மனதில் புள்ளிகளை ஊறவிடுங்கள்.

படி 7: ப்ராஜெக்ட்

இருபது மதிப்பெண். பெரும்பாலானவர்கள் டிசம்பர் கடைசியில் இணையத்தில் இறக்கி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, முகப்பில் கிளிட்டர் ஒட்டிக் கொடுக்கிறார்கள். வைவாவில் "ஏன் இந்த ஆய்வு முறையைத் தேர்ந்தெடுத்தாய்?" என்ற முதல் கேள்விக்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு மாணவனின் கதை சொல்கிறேன். அவன் எடுத்த தலைப்பு "நகரத்தில் சாதி". தன் அபார்ட்மென்டில் கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போய் "நீங்கள் என்ன சாதி? வேறு சாதியில் கல்யாணம் செய்வீர்களா?" என்று கேட்டான். மூன்றாவது வீட்டில் கதவைச் சாத்தினார்கள். நான்காவது வீட்டிலிருந்து அவன் அப்பாவுக்கு போன் போனது. தப்பு என்னுடையதும்தான், கேள்வித்தாளை முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். கேட்டவுடன் சொல்லும் விஷயமா அது? சொன்னாலும் எல்லோரும் "நாங்கள் பார்ப்பதில்லை" என்றுதான் சொல்வார்கள்.

அப்புறம் முறையை மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளில் வரும் மணமக்கள் விளம்பரம். ஒரே நாள் தாளிலிருந்து நூறு விளம்பரங்களை வெட்டி எடுத்தான். ஒவ்வொன்றிலும் சாதி, உட்பிரிவு, நட்சத்திரம், வேலை, சம்பளம், வெளிநாடு, நிறம் இருக்கிறதா என்று கட்டம் போட்ட தாளில் டிக் அடித்தான். யாரையும் தொந்தரவு செய்யவில்லை. மூன்று மாலைப் பொழுதில் முடிந்தது. அவனை உலுக்கியது ஒரு சின்ன விஷயம். "சாதி தடையில்லை" என்று போட்டிருந்த விளம்பரங்களிலேயே சிலவற்றில் அடுத்த வரி: "எஸ்சி, எஸ்டி நீங்கலாக." அந்த இரண்டு வரியை முகப்பிலேயே ஒட்டினான். கிளிட்டர் தேவைப்படவில்லை.

ப்ராஜெக்டில் இருக்க வேண்டியவை: அறிமுகம், நோக்கம், ஆய்வுக் கேள்வி, முறை, தரவும் அதன் விளக்கமும், முடிவு, குறைபாடுகள். கடைசியாகச் சொன்னதில் கஞ்சத்தனம் வேண்டாம். விளம்பரம் கொடுக்கக் காசும் பழக்கமும் உள்ளவர்கள் மட்டும்தான் அந்த நூறில் இருக்கிறார்கள். காதலித்து மணந்தவர்கள் இல்லை, தரகர் வழிப் போகிறவர்கள் இல்லை. இதை நீங்களே எழுதிவிட்டால் வைவாவில் பாதிக் கேள்வி தீர்ந்தது.

பெரிய ஆய்வாளர்களும் இப்படித்தான் மாட்டிக்கொண்டு, அதை வெளிப்படையாக எழுதினார்கள். ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். நூலில் அதற்கு ஸ்ரீபுரம் என்று மாற்றுப் பெயர் வைத்தார். அக்ரஹாரத்தில் குடியிருந்ததால் மற்றத் தெருக்களுக்கு இயல்பாகப் போய்ப் பழகுவது அவருக்குக் கடினமாயிற்று. நாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது நாம் எதைப் பார்க்கிறோம் என்பதை முடிவு செய்கிறது. சீனிவாஸ் 1948இல் மைசூர் அருகே ராம்புரா கிராமத்தில் எடுத்த குறிப்புகளைப் பல ஆண்டுகள் தொகுத்து வைத்திருந்தார். 1970இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ தீவைக்க, அந்தத் தொகுப்பின் மூன்று பிரதிகளும் போயின. பிறகு நினைவிலிருந்து எழுதிய நூல் 1976இல் வந்தது. உங்கள் ப்ராஜெக்டை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள், மூன்று பிரதியும் ஒரே அறையில் இருந்தால் ஒரு பிரதிதான்.

எளிய தலைப்புகள் இன்னும் உண்டு. ஐந்து வீடுகளில் காலை ஐந்து முதல் ஒன்பது வரை யார் என்ன வேலை செய்கிறார்கள் என்ற நேரக் குறிப்பு. உங்கள் தெருவில் வீட்டு வேலைக்கு வரும் அக்காமார்கள் எந்தெந்த வீட்டில் எந்த டம்ளரில் காபி குடிக்கிறார்கள் என்பது. இரண்டாவது தலைப்பு நெருப்பு. அனுமதி கேட்டு, பெயர் போடாமல் செய்ய வேண்டும்.

படி 8: வகுப்பில் சாதி பேசும்போது

இதை எந்த கைடும் சொல்லாது. சமூக ஏற்றத்தாழ்வு, விலக்கல் பற்றிய அத்தியாயம் வரும்போது வகுப்பில் காற்று மாறும். சிலருக்கு அன்றுதான் தங்கள் சாதி என்னவென்று வீட்டில் கேட்கத் தோன்றும். சிலர் அதைச் சிறுவயதிலேயே பிறர் சொல்லித் தெரிந்துகொண்டவர்கள், அவர்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். இடஒதுக்கீடு பற்றிக் குரல் உயரும்.

வகுப்புத் தோழரை எடுத்துக்காட்டாக்காதீர்கள், "நீ சொல்லு, உனக்குத் தெரியுமே" என்று இழுக்கவும் வேண்டாம். தன் இடத்தைத் தானே கேள்வி கேட்பதைப் பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் 'ரிஃப்ளெக்சிவிட்டி' என்கிறது. அதை முதலில் நம் வீட்டில் செய்து பார்க்கலாம். "எங்கள் வீட்டில் சாதியெல்லாம் கிடையாது" என்று சொல்லும் பிள்ளையிடம், கடந்த மூன்று கல்யாணத்தில் சம்பந்தி யார் யார் என்று ஒரு தாளில் எழுதச் சொல்வேன். அதைப் படித்துக்காட்டச் சொல்ல மாட்டேன்.

சமூக இயக்கங்கள் பாடத்துக்கும் இது உதவும். சீர்திருத்த இயக்கம், புரட்சி இயக்கம் என்ற வகைப்பாட்டை வெறுமனே படித்தால் ஒட்டாது. 1924இல் வைக்கம் கோயில் தெருவில் நடப்பதற்கான போராட்டம், 1925இல் தமிழகத்தில் தொடங்கிய சுயமரியாதை இயக்கம், 1973இல் இமயத்தில் மரத்தைக் கட்டிப்பிடித்த சிப்கோ என மூன்றையும் ஒரே கேள்வியால் துளையுங்கள்: எதை மாற்றச் சொன்னார்கள், எவ்வளவு மாற்றச் சொன்னார்கள், யார் எதிர்த்தார்கள்?

படி 9: கடைசி மூன்று மாதம்

டிசம்பருக்குள் பாடம் முடிய வேண்டும். ஜனவரியில் சொல் நோட்டை மட்டும் எடுத்து, பொருள் பத்தியைக் கையால் மறைத்துச் சொல்லிப் பாருங்கள். சிபிஎஸ்இ ஒவ்வோர் ஆண்டும் மாதிரி வினாத்தாளோடு மதிப்பெண் வழங்கும் குறிப்பையும் வெளியிடுகிறது. வினாத்தாளைவிட அந்தக் குறிப்பு முக்கியம். விடையை நீங்களே எழுதி, அதை வைத்து நீங்களே திருத்துங்கள். முதல் தடவை உங்களுக்கு நீங்களே தாராளமாகப் போட்டுக்கொள்வீர்கள், பரவாயில்லை. இரண்டாம் தடவை தாளை நண்பரிடம் மாற்றிக் கொடுங்கள்.

ஒரு மதிப்பெண் பகுதியில் கூற்று-காரணம் வகைக் கேள்விகள் தடுமாற வைக்கும். இரண்டும் சரி, ஆனால் அந்தக் காரணத்தால்தான் அந்தக் கூற்றா? நடுவில் "ஏனென்றால்" போட்டு மெதுவாகப் படித்துப் பாருங்கள். காதுக்கே தெரிந்துவிடும்.

படி 10: அதற்குப் பிறகு

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் போக விரும்பினால் சியூஇடி தேர்வில் சமூகவியல் ஒரு பாடம். 2025 முறைப்படி ஒரு பாடத்துக்கு 50 கேள்வி, 60 நிமிடம், சரிக்கு 5, தவறுக்கு 1 கழிவு. தமிழிலும் எழுதலாம் என்று விருப்பம் கேட்பார்கள். இரண்டு ஆண்டு ஆங்கிலக் கலைச்சொல்லில் படித்தவர் அங்கே ஆசைப்பட்டுத் தமிழைத் தேர்ந்தால், "எந்திர ஒற்றுமை", "இயந்திரவியல் ஒருமைப்பாடு" என்று மொழிபெயர்ப்பைப் புரிந்துகொள்வதிலேயே நேரம் போகும். படித்த மொழியிலேயே எழுதுங்கள்.

பி.ஏ. சேரும்போது கல்லூரிப் பெயரோடு பாடத்திட்டத்தையும் பாருங்கள், களப்பணி இருக்கிறதா என்று கேளுங்கள். குடிமைப் பணித் தேர்வில் சமூகவியல் ஒரு விருப்பப் பாடம், தலா 250 மதிப்பெண்ணில் இரண்டு தாள். அதற்காகவே பள்ளியில் இதை எடுக்கச் சொல்லும் மாமாக்கள் உண்டு. பதினாறு வயதில் அதை நினைத்துப் படிக்க வேண்டியதில்லை. தேர்வு முடிந்ததும் புத்தகத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள், சொல் நோட்டை மட்டும் கொடுக்காதீர்கள். பி.ஏ. முதல் செமஸ்டரில் அதே மார்க்ஸ், துர்க்ஹைம், வெபர் மறுபடி வருவார்கள்.